புள்ளி ஒன்று நாலு

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம். பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வாரம், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், முக்காலி போட்டு ஏறி அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"இதை யார் தொட்டது?"

"நான்தான். சரி பண்ணிட்டேன்."

"அஞ்சு நிமிஷம் வேகம்னு எனக்குத் தெரியும். பதினோரு வருஷமா அதே அஞ்சு நிமிஷம். இப்போ நீங்க கைய வச்சுட்டீங்க. இனிமே இது எவ்வளவு தப்புன்னு நான் எங்க போய்த் தேடறது?"

மறுபடியும் முக்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைத் தப்பாக்கிவிட்டு இறங்கினேன். அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

அவள் அப்படித்தான். எங்கள் வீட்டில் நேரம், எடை, சூடு என்று எதைக் காட்டும் பொருளானாலும் அதன் மேல் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும். காய்ச்சல் பார்க்கும் கருவியில் '−0.2, நகராது' என்று எழுதியிருக்கிறாள். அதாவது, அது எப்போதும் புள்ளி இரண்டு கூடக் காட்டும், கழித்துக்கொண்டால் போதும். சமையலறைத் தராசில் '+3 கிராம், நகராது'. கடிகாரத்தில் '−5, நகராது'. ஒருமுறை நான் ஆசையாக வாங்கி வந்த சுவர் வெப்பமானி ஒருநாள் கூடவும் ஒருநாள் குறைவாகவும் காட்டியது. அதற்கு 'நகரும்' என்று சீட்டு ஒட்டினாள். ஒரே வாரத்தில் அது குப்பைக்குப் போய்விட்டது.

"தப்பா இருந்தா பரவாயில்லைங்க. ஒரே மாதிரி தப்பா இருக்கணும். அப்போ நம்பலாம்" என்பாள்.

எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒருநாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். கருவி முப்பத்தெட்டு காட்டியது. என் மனைவி சீட்டைப் பார்த்தாள், புள்ளி இரண்டைக் கழித்தாள், பையைத் தோளில் மாட்டி அனுப்பிவிட்டாள். மகள் இப்போது செவிலியர் படிப்பு படிக்கிறாள். அன்றைய கோபத்தில்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அலுவலகத்தில் என் மனைவிக்குப் 'புள்ளி' என்று பெயர். யாராவது "தண்ணி இருபத்திநாலு டிகிரி" என்று சொன்னால் போதும், "புள்ளிக்கு அப்புறம்?" என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுக்கு வேலை ஏரியில். ஊருக்கு வெளியே பெரிய ஏரிக் கரையில் இரண்டு அறைகள் உள்ள ஒரு கட்டடம். அங்கிருந்து துடுப்புப் போட்டுப் பத்து நிமிடம் போனால், தண்ணீர் நடுவே நங்கூரம் போட்டு நிறுத்திய மிதவை மேடை. நாலு பேர் நிற்கலாம். ஐந்தாவது ஆள் ஏறினால் யாராவது ஒருவர் குளிக்க வேண்டியதுதான். அந்த மேடையில் ஒரு பெட்டி இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். அந்தப் பெட்டி அவள் வாழ்க்கைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வந்த வரிசையில் எனக்கு அடுத்தது. செல்லத்தில் எனக்கு முன்னால்.

அந்தப் பெட்டியின் வேலை, வானத்தில் போகும் செயற்கைக்கோள் சரியாகப் பார்க்கிறதா என்று சோதிப்பது. செயற்கைக்கோளில் ஒரு கண் உண்டு. நமக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்த்து, கீழே தண்ணீர் எத்தனை சூடு, நிலம் எத்தனை சூடு என்று சொல்லும். உலகம் எவ்வளவு சூடாகிறது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்தக் கண்தான் சாட்சி. ஆனால் கண்ணுக்கும் வயதாகும், பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஏணி வைத்து ஏறிப் போய்க் கண்ணாடி மாட்டிவிட முடியாது. அதனால் அது ஏரிக்கு மேலே போகும் அதே நிமிடத்தில், கீழே இவள் பெட்டியும் அதே தண்ணீரைப் பார்க்கும். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் நிம்மதி.

பெட்டி முதலில் தனக்குள் இருக்கும் இரண்டு கறுப்புக் கிண்ணங்களைப் பார்க்கும். அவற்றின் சூடு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குவரை துல்லியமாகத் தெரிந்தது. அவற்றைப் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு தண்ணீரைப் பார்க்கும். கடைசியில் பின்பக்கத்து ஓட்டை வழியாக வானத்தைப் பார்க்கும். வானத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் மூக்கை நுழைத்தேன்.

"தண்ணி கொஞ்சம் கண்ணாடி மாதிரிங்க. வானத்துலேர்ந்து வர்றதையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அது எவ்வளவுன்னு பாத்துக் கழிச்சாத்தான் தண்ணியோட சொந்தச் சூடு தெரியும்."

மேகம் இருந்தால் செயற்கைக்கோளுக்கு ஏரி தெரியாது. அதனால் மேகமூட்டம் என்றால் அவளுக்கு மேசை வேலை. வெயில் பளீரென்று அடித்தால் படகு. எங்கள் குடும்பத்து நல்லது கெட்டது எல்லாம் மேகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். மகள் பிறந்த அன்று நல்லவேளையாக வானம் மூடியிருந்தது. இல்லாவிட்டால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே படகில் ஏறியிருப்பாள். வானம் தெளிவாக இருக்கும் காலையில் அவள் குளியலறையில் பாடுவாள். சுதி கொஞ்சம் கீழே இருக்கும். எப்போதும் அதே அளவு கீழே என்பதால் எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் அந்தப் படகில் ஏறியது பதினாலு மாதத்துக்கு முன்னால். ஓய்வு பெற்ற முதல் இரண்டு மாதம் வீட்டில் என் தொல்லை தாங்க முடியவில்லை என்று அவளே சொன்னாள். சமையலறை அலமாரியை மூன்று தடவை மாற்றி அடுக்கினேன். உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அந்தச் சமயம் பார்த்து அவளோடு படகில் போகும் ஆளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தனியாகப் படகில் போகக் கூடாது என்பது அங்கே விதி.

"சும்மாதானே இருக்கீங்க. துடுப்புப் போட வர்றீங்களா?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவனிடம் மறுபடியும் ஒரு வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வண்டிதான், பிரேக்கும் கிடையாது, ஆனால் வண்டி.

மேடையில் எனக்கு வேறு வேலை கிடையாது. அவள் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்று சின்னத் திரையைப் பார்ப்பாள். செயற்கைக்கோள் மேலே போகும் பத்தே முக்கால் மணிக்கு வெயில் திரையில் அடித்து எழுத்தே தெரியாது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பாள். முதல் நாளே பார்த்தேன், பொறுக்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து என் பெரிய கறுப்புக் குடையை எடுத்துப் போய் அவளுக்கும் திரைக்கும் சேர்த்து விரித்துப் பிடித்தேன்.

"ஆஹா, நல்லாத் தெரியுது. இப்படியே பிடிங்க. அசையாதீங்க" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தவனுக்கு உலகத்தில் ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தப் பதினாலு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது.

ஏரி மாதிரியே சோதனை நடக்கும் இடங்கள் மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஒப்பீட்டுக் குழு உண்டு. அதன் தலைவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'ஒருவேளை'. அந்தச் சொல் இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வந்ததாக யாரும் கேட்டதில்லை. கடிதத்தில்கூட, ஒருவேளை தங்கள் கருவியில் பிழை இருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார். மற்ற பதினோரு இடங்களும் செயற்கைக்கோளோடு ஒத்துப்போகின்றன. ஏரி மட்டும் பதினாலு மாதமாகச் சராசரியாகப் புள்ளி ஒன்று நாலு டிகிரி குறைவாகச் சொல்கிறது. ஐந்து வாரத்தில் கூட்டம். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் ஏரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"புள்ளி ஒண்ணு நாலுதானே. போனாப் போகுது" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"பத்து வருஷத்துல உலகம் சூடாகுறதே கிட்டத்தட்ட புள்ளி ரெண்டுதாங்க. நான் புள்ளி ஒண்ணு நாலு தப்பாச் சொன்னா, பாதிக்கு மேல தப்பு." கடிதத்தை மடித்தாள். "இதுல பெரிய விஷயம் வேற. இந்தப் பதினாலு மாசத்துலதான் பழைய செயற்கைக்கோளை நிறுத்திட்டுப் புதுசை விட்டாங்க. ரெண்டையும் பாத்த இடத்துல நம்ம ஏரியும் ஒண்ணு. இது போச்சுன்னா, முன்னாடி எழுதின எதையும் பின்னாடி எழுதறதோட சேக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமும் சும்மா."

அவள் அழவில்லை. கிண்ணங்களைத் துடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாள். கிண்ணங்களைப் பெரிய சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். சரியாக இருக்கின்றன என்று திரும்பி வந்தன. உள்ளே சுழலும் கண்ணாடியை மாற்றினாள். கம்பிகளை மாற்றினாள். மேடை சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒரு பொருளைத்தான் மாற்றுவாள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாதாம். நான் பக்கத்தில் அசையாமல் குடை பிடித்துக்கொண்டு, அவளுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் அதே புள்ளி ஒன்று நாலு. வானம் தெளிவாக இருந்த காலைகளில்கூடக் குளியலறையில் சத்தமில்லை. மகள் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்.

நாலாவது வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும்படி ஆயிற்று. அன்று என் இடத்தில் அலுவலகத்து மின்வேலைக்காரர் படகில் போனார். நான் வாய் நிறையப் பஞ்சோடு சோபாவில் கிடந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

"புள்ளி பூஜ்யம் ஒண்ணு" என்றாள் வந்ததும் வராததுமாக. "வித்தியாசமே இல்ல. ஒத்துப்போச்சுங்க."

"ம்ம்" என்றேன். பஞ்சோடு அவ்வளவுதான் முடிந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். "இன்னைக்கு என்ன வேற? காத்து கம்மி. தண்ணி கொஞ்சம் கலங்கல். நேத்து ஒரு திருகாணியை இறுக்கினேன், அதுவா இருக்குமோ? வேற என்ன? வேற ஒண்ணுமே மாறலியே."

கல்லூரியிலிருந்து வந்த மகளிடமும் இதையே ஒப்பித்தாள். காற்று, தண்ணீர், திருகாணி என்று விரல் விட்டு எண்ணினாள். எண்ணாத விரல் ஒன்று சோபாவில் கன்னம் வீங்கிக் கிடந்தது. அன்று மாறியது வேறு என்ன? நான் போகவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் பஞ்சு இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் பஞ்சை எடுத்த பிறகும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். மறுபடியும் வீடு, சோபா, அலமாரியில் உப்பு. அதோடு, அவளுடைய இருபத்திரண்டு வருடத்தைக் கெடுத்தவன் அவள் புருஷன்தான் என்று ஆகிவிடும். நான் மனிதன்தானே, கொஞ்சம் கமுக்கமாக இருந்துவிட்டேன்.

மறுநாள் அவள் பாடிக்கொண்டே குளித்தாள். இரண்டு பேரும் படகில் போனோம். நான் குடை பிடித்தேன். அவள் திரையைப் பார்த்தாள். கரைக்குப் போய்ச் செயற்கைக்கோளின் எண்ணோடு ஒப்பிட்டபோது, மறுபடியும் புள்ளி ஒன்று நாலு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. தோள் இரண்டும் இறங்கிவிட்டன.

"நேத்து நான் வரல" என்றேன்.

"என்ன?"

"நேத்து வேற என்ன மாறிச்சுன்னு கேட்டியே. நான் வரல. நான்தான் காரணம். என் உடம்புச் சூடு அந்தப் பெட்டியில படுது போல. எனக்கு நேத்தே தெரியும். சொல்லத் தைரியம் வரல."

எழுந்தாள். "படகை எடுங்க" என்றாள்.

மேடையில் ஏறியதும், "தினமும் எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க. குடையையும் விரிங்க" என்றாள். விரித்தேன். அவள் பெட்டியின் முன்னால் நிற்காமல், சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் அளவு நடக்கும்போது அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. போகக் கூடாது என்று விதி எழுதியவளே அவள்தான். மண்டி போட்டாள். வானத்தைப் பார்க்கும் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்து, அது பார்க்கும் திசையில் பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றேன்.

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிக் குடையை மடக்கப்போனேன். அவள் நிமிர்ந்தபோது, சிரிப்பில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேடையே ஆட ஆரம்பித்தது.

"குடைங்க" என்றாள். "உங்க குடையோட ஓரம். கால்வாசி வானத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது."

ஒன்றும் புரியாமல் அசடு வழிந்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினாள். தெளிந்த வானம், பெட்டியின் கண்ணுக்குக் கடுங்குளிர். வெயிலில் காய்ந்த கறுப்புக் குடையோ நல்ல சூடு. பெட்டி குடையைப் பார்த்துவிட்டு, வானத்திலிருந்து இவ்வளவு வருகிறது என்று நினைத்து, தண்ணீரின் கணக்கில் கூடுதலாகக் கழித்திருக்கிறது. அதனால்தான் ஏரி தினமும் புள்ளி ஒன்று நாலு குறைந்துபோயிருக்கிறது. என் உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"நீ தினமும் வானத்தைப் பாத்து எழுதுவியே?"

"எழுதுவேன். 'வானம் தெளிவு'ன்னு எழுதுவேன். 'வானப் பக்கம் ஆள் இல்லை'ன்னு குறி போடுவேன். ஆள் இல்லதான். குடைக்குப் பட்டியல்ல இடம் இல்லையே." மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "என் கண்ணுக்கு எதிரேயே இருந்திருக்கு. தலைக்கு மேலயே இருந்திருக்கு. உங்கள எப்படிங்க நான் ஒரு பொருளா நினைச்சுப் பாப்பேன்?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் ரொம்ப நாள் வைத்துக்கொள்வேன்.

ஆனால் கரைக்கு வருவதற்குள் அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. காரணம் தெரிந்தால் போதாது. குடை ஒருநாள் கால்வாசி மறைத்து, ஒருநாள் அரைவாசி மறைத்திருந்தால், எந்த நாளுக்கு எவ்வளவு திருத்துவது? அப்படியென்றால் பதினாலு மாதத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நடுவில் அறுந்த கயிறு எதற்கும் ஆகாது. கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

அதில் ஆறு நாள் வானம் கருணை காட்டியது. குடையால் எவ்வளவு குறைகிறது என்று அளக்க, ஒவ்வொரு நாளும் ஒரு சுற்றுக் குடையை விரிப்பேன், ஒரு சுற்று மடக்குவேன். விரிங்க, மடக்குங்க, விரிங்க, மடக்குங்க என்று அவள் சொல்லச் சொல்ல, கரையில் நின்ற மின்வேலைக்காரர் எங்கள் இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம். வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். பதினாலு மாதத்தில் வானம் தெளிவாக இருந்த நூற்று முப்பத்தொரு நாளையும் மகள் உரக்கப் படிக்க, இவள் வரைதாளில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இங்க வாங்க" என்றாள் மகள்.

வரைதாளில் நூற்று முப்பத்தொரு புள்ளிகளும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே நேராகப் படுத்திருந்தன. எனக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

"என்ன, தப்பா?" என்றேன்.

"தப்புதான்" என்றாள் மனைவி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "தினமும் ஒரே தப்பு."

கூட்டம் கணினித் திரையில் நடந்தது. ஏரிக்கரைக் கட்டடத்தின் முன்னறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். மகள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் குடையோடு மனைவி பக்கத்தில். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பதினோரு முகங்கள், நடுவில் தலைவர் 'ஒருவேளை'. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒருவேளை தாடையைத் தடவினார்.

"ஒருவேளை, மேடம், பழைய நாள்கள்ல அந்தக் கோடு தற்செயலா நேரா வந்திருந்தா? கையில பிடிக்கிற குடை. ஒருவேளை ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படி இருந்திருக்கலாமே. அதே இடத்துலதான் இருந்துதுன்னு எப்படி நம்பறது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "எப்படிப் பிடிப்பீங்கன்னு காட்டுங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடையை விரித்தேன். அது மேலே குழல்விளக்கில் இடித்து, விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. பதினோரு முகங்களும் கிட்டே வந்தன.

"இடது குதிகால மேடையில இருக்கிற போல்ட்டுல வச்சுக்குவேன் சார். முழங்கை கைப்பிடிக் கம்பியில. குடையோட மூணாவது கம்பி, மேடையோட கொடிக்கம்பத்துல தொடணும். தொட்டுடுச்சுன்னா நிறுத்திக்குவேன். அவங்க முடிச்சுட்டேன்னு சொல்ற வரைக்கும் அப்படியே இருப்பேன்."

"ஏன் அப்படி?" என்றார் ஒருவேளை. ஒருவேளை இல்லாமலே கேட்டார்.

"ரெண்டாம் நாள் அவங்கதான் 'இப்படியே பிடிங்க, அசையாதீங்க'ன்னு சொன்னாங்க சார். அப்புறம் வேற எதுவும் சொல்லலியே." இன்னும் ஏதோ எதிர்பார்ப்பது போலிருந்தது. "நான் பஸ் ஓட்டினவன். எங்க நிறுத்தத்துல நடைபாதையில மூணாவது கல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும். முன்கதவு அந்தக் கல்லுக்கு நேராத்தான் நிக்கணும். முப்பத்தொரு வருஷம் அங்கதான் நின்னுது. ஜனங்க பஸ் வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கல்லுல வந்து நின்னுக்குவாங்க."

"நூத்தி முப்பத்தொரு நாள்" என்றாள் மனைவி. திரையைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் அவள் கை மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டது. "புள்ளி பூஜ்யம் ரெண்டுக்கு மேல ஒரு நாள்கூட விலகல. என் பெட்டியே அவ்வளவு நிலையா நிக்காது. இவர் நகரவே இல்ல சார்."

ஒருவேளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"புள்ளி ஒண்ணு நாலைக் கூட்டிக்கலாம். ஏரி பட்டியல்லயே இருக்கும்" என்றார்.

கதவோரம் நின்ற மகள் துள்ளிய துள்ளலில் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி கீழே விழுந்தது. அன்று மாலை எங்கள் வீட்டில் யாருக்கும் சமைக்கத் தோன்றவில்லை. ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டு, அறிக்கையில் அவள் எழுதியிருந்ததை மகள் நாலு தடவை உரக்கப் படித்தாள்: 'பிழைக்குக் காரணம்: கறுப்புக் குடை, ஒன்று. பிழையின் தன்மை: மாறாதது.' நாலு தடவையும் நாங்கள் சிரித்தோம்.

அடுத்த தெளிந்த காலையில் அவள் பாடிக்கொண்டே குளித்துவிட்டு வந்தாள். திரைக்கு மேல் வெயில் படாமலிருக்க அட்டையில் ஒரு கூண்டு செய்து பையில் வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கூடத்தில் நின்றேன். குடை ஆணியில் தொங்கியது. இனி அதற்கும் எனக்கும் வேலை இல்லை.

"அப்போ நான் எதுக்கு வரணும்?" என்றேன்.

"துடுப்பு யார் போடுவா? பெட்டி வந்து போடுமா?" என்றாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைச் சீட்டுக் கட்டை எடுத்தாள். ஒன்றில் '+0.14' என்று எழுதிக் குடையின் பிடியில் ஒட்டினாள்.

கீழே ஒன்றும் எழுதவில்லை. கடிகாரத்துக்கு எழுதியவள், தராசுக்கு எழுதியவள், என் குடைக்கு எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"'நகராது'ன்னு போடலியே?"

"குடைக்கு என்னங்க தெரியும்? காத்தடிச்சாப் பறந்துரும்."

இன்னொரு சீட்டை எடுத்தாள். அந்தச் சொல்லை அதில் எழுதி, என் சட்டைப் பையின் மேல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

அந்தச் சீட்டோடுதான் ஊர் நடுவே நடந்து போனேன். ஏரிக்கரைக்கு வந்து படகை அவிழ்த்தபோது பத்தே முக்காலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எங்கள் வீட்டுக் கடிகாரப்படி பதினைந்து.